நடராஜர் ஆடுவது அழிவு நடனமா? கொழும்பில் மகளோடு எங்கிருந்து தொடங்கலாம்?

வெள்ளவத்தை_வாசகி

எல்லாருக்கும் வணக்கம். என் மகள் உயர்தரத்தில் கலைப்பிரிவு படிக்கிறாள். பாடங்களில் ஒன்று இந்து நாகரிகம். போன கிழமை இரவு சாப்பாட்டு மேசையில் கொப்பியை விரித்துவைத்து நடராஜ வடிவத்தைப் பாடமாக்கிக்கொண்டிருந்தாள். உடுக்கு படைத்தல், அபயகரம் காத்தல், தீ அழித்தல், ஊன்றிய பாதம் மறைத்தல், தூக்கிய பாதம் அருளல் என்று கண்ணை மூடிக்கொண்டு ஒப்புவிக்கிறாள். திடீரென்று நிறுத்திவிட்டு, "அம்மா, டியூஷனில் இதை அழிவு நடனம் என்று சொன்னார்கள், ருத்ர தாண்டவமாம். கொப்பியில் அஞ்சு தொழிலும் இருக்குது. அப்ப எது சரி?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

நான் வங்கியில் வேலை செய்கிறேன். சைவசமயம் படித்தது சாதாரணதரத்தோடு சரி. தேவாரம் பண்ணோடு பாடுவேன், பொருள் கேட்டால் தடுமாறுவேன். இந்தியத் தத்துவம் பற்றி ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகம் வீட்டில் இருக்கிறது. வேதத்தில் தொடங்கி உபநிடதம், ஆறு தரிசனங்கள், பௌத்தம், சமணம் என்று போகிறது. இரண்டு பேரும் சேர்ந்து வாசிக்கத் தொடங்கினோம், பெயர்களுக்குள்ளேயே தொலைந்துபோனோம்.

மகள் நன்றாகப் படம் கீறுவாள், கவிதையும் விருப்பம். புள்ளி எடுப்பதற்காக மட்டும் இதைப் படிக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். எதை முதலில் எடுக்க வேண்டும்? தத்துவமா, வரலாறா, சிற்பமா, பாட்டா? இந்தியாவுக்குக் கூட்டிப்போய்ச் சிதம்பரம், தஞ்சாவூர் எல்லாம் காட்ட இப்போதைக்கு வசதி இல்லை. கொழும்பிலேயே லீவு நாட்களில் போய்ப் பார்த்துப் படிக்கக்கூடியதாக ஏதாவது இருக்கிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பம்பலப்பிட்டி_பெடியன்

அக்கா, நானும் இந்து நாகரிகம் எடுத்துத்தான் பாஸ் பண்ணினேன். சோதனைக்கு ஐந்தொழில் என்றே எழுதச் சொல்லுங்கள், அதில் சந்தேகமே வேண்டாம். தங்கச்சிக்குப் படம் கீற வரும் என்றால் நடராஜரைத் தானே ஒருமுறை கீறி, ஒவ்வொரு கைக்கும் காலுக்கும் பக்கத்தில் தொழிலை எழுதிவைக்கச் சொல்லுங்கள். எனக்கு அப்படித்தான் மனதில் நின்றது. மற்றக் கேள்விகளுக்கு இங்கே சித்திர_சேர் வந்தால் நல்லது.

சித்திர_சேர்

தங்கச்சி, மகள் கேட்டது அருமையான கேள்வி. கொழும்பில் நெடுங்காலம் பாடசாலைகளில் சித்திரம் படிப்பித்து ஓய்வுபெற்றவன் நான், இருப்பது கொட்டாஞ்சேனையில். இந்த விஷயத்தில் எனக்கு ஆசை அதிகம், அதனால் பதில் நீளும். பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

முதலில் அந்த அழிவு நடனம். சிவனுக்கு ஆட்டங்கள் பல. கலை வரலாற்றாசிரியர் ஆனந்த குமாரசுவாமி சிவநடனம் பற்றிய தன் கட்டுரையில் மூன்றைப் பிரித்துக் காட்டுகிறார். கைலையில் மாலை வேளையில் தேவர்கள் சூழ ஆடுவது ஒன்று. சுடுகாட்டில் பேய்க்கணங்களோடு ஆடுவது இன்னொன்று. தில்லைச் சிற்றம்பலத்தில், அதாவது சிதம்பரத்தில், ஆடும் ஆனந்தக் கூத்து மூன்றாவது. டியூஷனில் சொன்னது சுடுகாட்டு ஆட்டத்தோடு சேர வேண்டிய கதை. வெண்கலத்தில் வார்த்து நாங்கள் கும்பிடுவது தில்லைக் கூத்தை. அதில் அழித்தலும் உண்டு, இடப்பக்கப் பின்கையில் ஏந்திய தீதான் அது. ஆனால் ஐந்து தொழிலில் அது ஒன்று மட்டுமே. கொப்பியில் இருப்பது சரி.

அந்தக் கொப்பிக் குறிப்பு எங்கிருந்து வந்தது என்று மகளுக்குக் காட்டுங்கள். 13ஆம் நூற்றாண்டில் திருவதிகை மனவாசகங்கடந்தார் எழுதிய உண்மை விளக்கத்தில் ஒரு வெண்பா:

தோற்றம் துடியதனில் தோயும் திதியமைப்பில்
சாற்றியிடும் அங்கியிலே சங்காரம் - ஊற்றமா
ஊன்று மலர்ப்பதத்தில் உற்றதிரோ தம்முத்தி
நான்ற மலர்ப்பதத்தே நாடு

துடி என்பது உடுக்கு, தோற்றம் அங்கே. திதி, அதாவது காத்தல், 'அமை' என்று காட்டும் கையில். அங்கி என்பது தீ, சங்காரம் அதில். திரோதம், மறைத்தல், ஊன்றிய பாதத்தில். முத்தி தூக்கிய பாதத்தில். கடைசிச் சொல்லைப் பாருங்கள், 'நாடு' என்று ஏவலாக நிற்கிறது. ஐந்தையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்து, ஐந்தாவதில் படிப்பவரைப் பார்த்து 'அங்கே போ' என்கிறது பாட்டு. சிற்பி அதையே வெண்கலத்தில் செய்கிறான். முன்பக்க இடக்கை உடம்புக்குக் குறுக்கே யானைத் துதிக்கைபோல் வந்து, விரல் நுனி தூக்கிய காலையே காட்டும். கொப்பியில் ஐந்தும் ஐந்து புள்ளிகளாகத் தனித்தனியே கிடக்கும். வெண்பாவிலும் வெண்கலத்திலும் ஐந்தும் சேர்ந்து ஒரு திசையில் நகர்கின்றன.

சுடுகாட்டு ஆட்டத்தையும் தள்ளிவிட வேண்டாம். அதைக் கண்ணால் கண்டதுபோலப் பாடியவர் காரைக்கால் அம்மையார். திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்தின் முதல் பாட்டை மகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். வற்றிய மார்பும் புடைத்த நரம்பும் குழிந்த வயிறுமாக ஒரு பெண்பேய் அந்தக் காட்டில் அலறுகிறது. அதற்கு நடுவில் சிவன் எப்படி ஆடுகிறான்? 'அங்கங் குளிர்ந்தனல் ஆடும் எங்கள் அப்பன்' என்கிறார் அம்மையார். சுற்றிலும் நெருப்பு, உடம்போ குளிர்ந்திருக்கிறது. சுடுகாட்டிலும் அவன் கோபத்தில் ஆடவில்லை. இந்த ஒரு வரி தரும் விளக்கத்தைப் பக்கம் பக்கமாக எழுதிய உரைகளில் நான் கண்டதில்லை.

சரி, எது முதலில் என்று கேட்டீர்கள். தத்துவம், வரலாறு, சிற்பம், பாட்டு என்று நான்கு அலுமாரி செய்தது பாடத்திட்டம். அந்தத் தடித்த புத்தகத்தை இப்போதைக்கு மூடி வையுங்கள். ஒரு வெண்கலத்தை எடுத்துக்கொண்டால் நான்கும் அதற்குள் இருக்கும். அந்த வெண்கலமும் இங்கே கொழும்பில், கறுவாத்தோட்டத்துத் தேசிய நூதனசாலையில் இருக்கிறது.

பொலன்னறுவைக் காட்சிக்கூடத்துக்கு நேரே போங்கள். 993 அளவில் முதலாம் இராசராசன் படை இங்கே வந்தது. அவன் மகன் இராசேந்திரன் காலத்தில், 1017 அளவில், நாட்டின் பெரும்பகுதி சோழர் கைக்குப் போனது. பொலன்னறுவைக்குச் சனநாதமங்கலம் என்று பெயர் வைத்து ஆண்டார்கள். 1070இல் முதலாம் விசயபாகு அவர்களை வெளியேற்றினான். அங்கே இரண்டாம் சிவதேவாலயம் என்று தொல்பொருள் திணைக்களம் இலக்கமிட்ட கற்கோயிலின் சொந்தப் பெயர் வானவன்மாதேவி ஈசுவரம், சோழ அரசி ஒருத்தியின் பெயர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொல்பொருள் ஆணையாளர் எச்.சி.பி. பெல் அகழ்ந்தபோது முதலாம் சிவதேவாலயப் பக்கமாக மண்ணுக்குள்ளிருந்து நடராஜர், பார்வதி, நாயன்மார் என்று வெண்கலங்கள் வெளியே வந்தன. அவை இங்கேயே வார்க்கப்பட்டனவா, சோழநாட்டிலிருந்து வந்தனவா என்பதில் அறிஞர்களுக்குள் இரண்டு கட்சி உண்டு. சோழர் போன பிறகும் சிவன் கோயில்களில் பூசை நின்றுவிடவில்லை என்பதையும் மகள் மனதில் வைத்துக்கொள்ளட்டும்.

அங்கே போனால் என்ன பார்ப்பது? ஆட்கள் முன்னால் நின்று ஒரு படம் எடுத்துவிட்டு அடுத்த பெட்டிக்கு நகர்ந்துவிடுவார்கள். நீங்கள் இடம் விடும் அளவுக்குப் பக்கவாட்டிலும் போய்ப் பாருங்கள். முன்னாலிருந்து அவ்வளவு விரிந்து தெரியும் உருவம், பக்கத்திலிருந்து ஒடுங்கிவிடும். பாரம் முழுவதும் வளைந்த வலக்கால் வழியாக ஒரே கோட்டில், காலடியில் கிடக்கும் குள்ள உருவமான முயலகன் முதுகில் இறங்குவது அங்கிருந்துதான் தெரியும். பீடத்தில் துளைகள் இருந்தால் அவற்றையும் கவனிக்கச் சொல்லுங்கள். தண்டு கோத்துத் தோளில் ஏற்றி வீதியுலா போவதற்காகச் செய்தவை இப்படிப்பட்ட திருமேனிகள். செய்முறையையும் சொல்லிவிடுகிறேன். தேன்மெழுகில் குங்கிலியம் கலந்து முழு உருவத்தையும் விரலால் பிடித்து, மேலே நுண்ணிய வண்டல்மண் பூசிக் காயவைத்துச் சூடாக்குவார்கள். மெழுகு உருகி ஓடிய வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். கடைசியில் மண்ணை உடைத்தால்தான் உருவம் வெளியே வரும். அதனால் அதே அச்சில் இரண்டாவது செய்ய முடியாது. சுவாமிமலையில் இன்றைக்கும் இதே முறைதான்.

அந்த மண்டபத்தில் நின்று அப்பர் பாட்டை மெல்லப் பாடுங்கள். நீங்கள் பண்ணோடு பாடுவேன் என்று எழுதியிருக்கிறீர்கள்.

குனித்த புருவமும் கொவ்வைச்செவ் வாயிற் குமிண்சிரிப்பும்
பனித்த சடையும் பவளம்போல் மேனியிற் பால்வெண்ணீறும்
இனித்தம் உடைய எடுத்தபொற் பாதமும் காணப்பெற்றால்
மனித்தப் பிறவியும் வேண்டுவ தேஇந்த மாநிலத்தே

பாட்டு புருவத்தில் தொடங்கி வாய், சடை, மேனி என்று வந்து எடுத்த பாதத்தில் முடிகிறது. உங்கள் கண்ணும் அதே வரிசையில் இறங்கட்டும். தத்துவமும் அங்கேயே இருக்கிறது. பிறவி வேண்டாம் என்பது இந்தியத் தத்துவங்கள் பலவற்றில் பொதுவான பேச்சு. அப்பர் இந்த ஆட்டத்தைக் காணக் கிடைத்தால் பிறவியும் வேண்டியதுதான் என்கிறார். இதைக் கேட்ட பிறகு உபநிடதத்தையும் பௌத்தத்தையும் மகள் திறந்தால், அவர்கள் எதைப் பற்றி வாதாடுகிறார்கள் என்று அவளுக்கு விளங்கும்.

ஆனந்த குமாரசுவாமி பற்றியும் ஒரு சொல். அந்த நூதனசாலை திறந்தது 1877இல். அதே ஆண்டில் இதே கொழும்பில்தான் அவரும் பிறந்தார். தகப்பன் சர் முத்து குமாரசுவாமி, தாய் ஆங்கிலப் பெண்மணி. இரண்டு வயதில் தகப்பனை இழந்து இங்கிலாந்தில் வளர்ந்தார். நிலவியல் படித்து, 1903இல் இங்கே திரும்பி வந்து கனிப்பொருள் ஆய்வுக்குத் தலைமை தாங்கினார். கல்லையும் மண்ணையும் தேடி ஊரூராய்ப் போனவர் கண்ணில் கண்டியப் பகுதிக் கைவினைஞர்களின் வேலை பட்டது, பாதை மாறியது. 1917இல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்குப் போய், 1947இல் இறக்கும்வரை அங்கேயே. அவருடைய நடராஜர் கட்டுரை முதலில் 1912இல் சென்னையின் சித்தாந்த தீபிகை இதழில் வந்தது. நான் மேலே தந்த வெண்பாவை அவர் அதில் மேற்கோள் காட்டுகிறார். இன்று உலகம் முழுக்க நடராஜருக்குச் சொல்லும் விளக்கத்தின் வேர் அந்தக் கட்டுரை, அந்தக் கட்டுரையின் வேர் இந்தத் தமிழ்ப் பாட்டு. உங்கள் மகளுக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை, நேரே வாசிக்கலாம். இதை நான் வகுப்பில் எத்தனை பிள்ளைகளுக்குச் சொன்னாலும் எனக்கு அலுக்காது.

கடைசியாகக் கோயில். கொச்சிக்கடை பொன்னம்பலவாணேசுவரம் சர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லில் திருப்பிக் கட்டுவித்தது. வேலை 1907இல் தொடங்கி 1912இல் முடிந்தது. தூண்களைப் பார்ப்பதற்கே ஒரு காலைப்பொழுது வேண்டும். சாதாரண நாளில் நடராஜர் பட்டிலும் மாலையிலும் மறைந்திருப்பார், முகமும் தூக்கிய பாதமும் தெரிந்தால் அதிகம். நூதனசாலையில் முழு வடிவமும் தெரியும், ஆனால் தீபம் இல்லை, மணியோசை இல்லை. இரண்டும் சேர்ந்து கிடைப்பது அபிஷேகத்தில். நடராஜருக்கு ஆண்டில் ஆறு அபிஷேகம், அவற்றில் ஆனி உத்தரமும் மார்கழித் திருவாதிரையும் பெரியவை. திருவெம்பாவை முடிந்து வரும் அந்த விடியற்காலைக்கு மகளைக் கட்டாயம் கூட்டிப்போங்கள். பாலும் இளநீரும் அந்த வளைந்த கால் வழியே இறங்குவதைப் பார்த்தவளுக்குச் சிற்பத்தின் கோடு எது என்று யாரும் படிப்பிக்க வேண்டியிராது.

சலங்கை

சேர் எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நான் தெஹிவளையில் பரதம் சொல்லிக்கொடுக்கிறேன். நாட்டிய சாத்திரத்தின் 108 கரணங்களில், அதாவது ஆட்ட நிலைகளில், புஜங்கத்ராசிதம் என்று ஒன்று உண்டு. பாம்பைக் கண்டு திடுக்கிட்டவர் சட்டென்று காலைத் தூக்கித் திருப்பும் நிலை. நடராஜரின் கால் அந்தக் கரணத்தைச் சேர்ந்தது என்று சிற்ப ஆய்வாளர்கள் சொல்வார்கள். சிதம்பரம் கோபுர வாசலில் இந்தக் கரணங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன.

அக்கா, மகளை வீட்டில் ஒருமுறை அப்படி நின்று பார்க்கச் சொல்லுங்கள். வலது முழங்காலை மடக்கி, இடக்காலைக் குறுக்கே தூக்கி, இடக்கையை அதன் மேலே நீட்ட வேண்டும். தொடை நடுங்கத் தொடங்கும், முகம் தானாகச் சுருங்கும். என் மாணவிகள் எல்லாருக்கும் முதலில் முகம்தான் சுருங்கும். அப்படி நின்று பார்த்த பிறகு வெண்கலத்தின் முகத்தைப் பார்த்தால், அந்தக் குமிண்சிரிப்பு எவ்வளவு பெரிய விஷயம் என்று விளங்கும்.

வெள்ளவத்தை_வாசகி

சேர், சலங்கை, தம்பி, மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று நான் அரைநாள் லீவு போட்டு மகளோடு நூதனசாலைக்குப் போய் வந்தேன். அப்பர் பாட்டை மெல்லிய குரலில் பாடினேன். பக்கத்தில் நின்ற ஒரு சிங்களக் குடும்பம் முடியும்வரை அசையாமல் நின்று கேட்டது. அந்த அம்மா கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மகள் கொப்பியில் கீறத் தொடங்கிவிட்டாள். முயலகனில் ஆரம்பித்தாள். வீடு வந்தும் அதே கேள்விதான் கேட்கிறாள். முயலகன் ஆணவமலம், அதாவது உயிரை மறைக்கும் இருள், என்றால் அவனை ஏன் கொன்றுவிடவில்லை? அவன் உயிரோடுதானே இருக்கிறான், தலையைத் தூக்கிப் பார்க்கிறானே என்கிறாள். அப்புறம், இந்தக் காலத்துச் சித்திரத்தில் இதுபோல் பாட்டும் படமும் சேர்ந்தது கொழும்பில் ஏதாவது இருக்கிறதா என்றும் கேட்கச் சொன்னாள்.

சித்திர_சேர்

முயலகனில் தொடங்கினாளா! நல்ல கண்.

சைவ சித்தாந்தத்தில் ஆணவம் யாரும் படைத்தது கிடையாது. உயிர் எப்போதிருந்து உண்டோ, அப்போதிருந்தே செம்பில் களிம்புபோல அதோடு ஒட்டியிருக்கிறது. என்றும் உள்ள பொருள் என்பதால் அதை இல்லாமல் ஆக்க முடியாது. அதன் சக்தியை அடக்கலாம், முத்தி நிலையிலும் அது அடங்கித்தான் கிடக்கும், ஒழிந்துவிடாது. கொன்றுவிட்டால் சிற்பம் வேறொரு தத்துவத்தைச் சொல்லிவிடும். அதனால் சிற்பி அவனை உயிரோடு, முதுகு நசுங்க, தலை நிமிர வைத்திருக்கிறான். ஊன்றிய பாதத்துக்கு மறைத்தல் என்ற தொழில் ஏன் வந்தது என்பதை மகள் இதோடு சேர்த்து யோசிக்கட்டும். அந்தக் கால் அவன் மேலேதான் நிற்கிறது.

புதுக்காலச் சித்திரத்துக்குப் பொரளை கோதமி விகாரைக்குக் கூட்டிப்போங்கள். இலங்கை ஓவியர் ஜோர்ஜ் கீற் 1939, 40 அளவில் புத்தர் வரலாற்றை அங்கே சுவர் நிறைய வரைந்திருக்கிறார். ஐரோப்பிய நவீன ஓவியத்தின் துணிச்சலும் அஜந்தா, சிகிரியாக் கோடும் ஒரே தூரிகையில் வந்திருக்கும். இதே கீற் ஜெயதேவரின் கீதகோவிந்தத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, அதற்குப் படமும் வரைந்தவர். பாட்டும் படமும் சேர்ந்தது என்று மகள் கேட்டாளே, அதற்கு அவரைவிட நல்ல ஆள் எனக்குத் தெரியாது. பூசை நேரம் தவிர்த்துப் போங்கள், வெள்ளை உடுப்பு நல்லது. ஆண்டுதோறும் ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் கலா பொல என்ற ஓவியச் சந்தை நடக்கும், வரைந்தவர்களோடு நேரே நின்று கதைக்கலாம்.

வாசிப்புக்கு உண்மை விளக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐம்பத்துச் சொச்சம் வெண்பாதான், மாணவன் கேட்க ஆசிரியர் சொல்லும் நடை. மகள் கேள்வியை வாசிக்க, நீங்கள் பதிலை வாசிக்கலாம். ஒரு நாளைக்கு இரண்டு பாட்டுக்கு மேல் போக வேண்டாம்.

இன்னொன்று, அடுத்த முறை நூதனசாலைக்குப் போகும்போது பொலன்னறுவையில் கிடைத்த சுந்தரர் வெண்கலத்தைத் தேடிப் பாருங்கள். மன்னார்ப் பக்கத்துத் திருக்கேதீச்சரத்தைப் பாலாவிக் கரையோடு சேர்த்துப் பாடியவர் அவர். 'நத்தார்புடை ஞானன்' என்று தொடங்கும் அந்தப் பதிகத்தை அச்செடுத்துக் கொண்டுபோங்கள். அவர் முன்னால் நின்று என்ன தோன்றியது என்று மகளையே இங்கே எழுதச் சொல்லுங்கள்.